நாகசுரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை

கடலும் கோயிலும் தர்காவும் அடுத்தடுத்து அமைந்த இச்சேதுக் கரையில், இசை என்பது நான்கு சுவர்களுக்குள் அடைபட்ட பொருளாக என்றும் இருந்ததில்லை. திருப்புல்லாணி ஆதி ஜெகந்நாதப் பெருமாள் வீதியுலா வரும்போது முன்னே செல்வது நாகசுரம். ஏர்வாடியில் சந்தனக்கூடு புறப்படும்போது முன்னே முழங்குவது மேளம். நம் மாணவர்கள் இவ்விரு ஒலிகளையும் கேட்டே வளர்ந்தவர்கள். ஆயினும், அவ்வொலியை எழுப்பிய கலைஞன் எங்கே நின்றான், எதை உடுத்தான், பந்தியில் எப்போது அமர்த்தப்பெற்றான் என்பனவற்றை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. அவற்றை எண்ணிப் பார்த்ததோடு நில்லாமல், தம் வாழ்நாள் முழுதும் அவற்றோடு மல்லாடிய ஒருவரின் வரலாற்றை இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம். அவர் திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை.

நாகசுரக் குழுவைப் பெரிய மேளம் என்பது மரபு. இரண்டு நாகசுரங்கள், இரண்டு தவில்கள், சுருதிக்கு ஒத்து, காலப்பிரமாணத்துக்குத் தாளம் என்பது அதன் அமைப்பு. குழுவின் தலைவர் நாகசுரக்காரரே. எந்த இராகத்தை எவ்வளவு நேரம் விரிப்பது, தவிலுக்கு எப்போது இடம் விடுவது, இரண்டாம் நாகசுரத்தை எங்கே பேசவிடுவது என்பனவெல்லாம் அவர் கண்ணசைவில் நடக்கும். ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் ஸ்விங் என்னும் இசை தழைத்தது. பதினைந்துபேர் கொண்ட பித்தளைக் குழல்களும் முழவுகளும் ஒருவரின் கையசைவுக்கு இசைந்து முழங்கின. அத்தகைய குழுத் தலைவர்களுள் முதன்மையான டியூக் எலிங்டன் 1899 ஏப்ரலில் வாஷிங்டன் நகரில் பிறந்தவர். நம் இராசரத்தினம் அவருக்கு எட்டே மாதம் மூத்தவர். இவ்வொப்புமை வெறும் வயதுக் கணக்கன்று என்பது பின்னர் விளங்கும்.

1898ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27ஆம் நாள், பழைய தஞ்சை மாவட்டத்துத் திருமருகலில், குப்புசாமிப் பிள்ளை, கோவிந்தம்மாள் ஆகியோருக்கு மகனாக இவர் தோன்றினார். நாகூர்க் கந்தூரிக்குச் செல்வோர் அறிந்த பகுதிதான் அது. பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். தாய்மாமனாகிய திருமருகல் நடேச பிள்ளை அந்நாளில் பெரும்புகழ் வாய்ந்த நாகசுரக் கலைஞர். திருவாவடுதுறை ஆதீனத்தின் வித்துவான். அவரே இவரைத் தம் மகனாக ஏற்று வளர்த்தார். இராசரத்தினம் என்னும் பெயர் ஆதீனத்தில் வாய்த்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அவர்தம் மாணவர் உ.வே. சாமிநாதையரும் தமிழ் வளர்த்த அதே திருவாவடுதுறைதான் இது என்பதைத் தமிழ்த்துறை மாணவர்களுக்கு நினைவூட்ட வேண்டுவதில்லை. ஏட்டுத் தமிழும் நாகசுர இசையும் ஒரே மடத்து நிழலில் வளர்ந்தன.

ஆனால் நாகசுரக் குடும்பத்துப் பிள்ளை முதலில் பயின்றது நாகசுரமன்று. நடேச பிள்ளை இளமையிலேயே மறைந்துவிட, சிறுவன் திருக்கோடிக்காவல் கிருஷ்ணையரிடம் வாய்ப்பாட்டுப் பயில அனுப்பப்பெற்றான். கிருஷ்ணையர் பிடில் வாசிப்பில் ஒப்பாரும் மிக்காரும் இல்லாதவர். அப்பெரியாரிடம் பெற்ற வாய்ப்பாட்டுப் பயிற்சியே பிற்காலத்து இராசரத்தினத்தின் கருவூலம் எனலாம். இளமையில் பாட்டுக் கச்சேரிகள் செய்து வந்தவர், பின்னரே குலக்கருவியைக் கையில் எடுத்தார். அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளை அவருக்கு வழிகாட்டினார். தொண்டையில் முதலில் குடிகொண்ட இராகத்தைப் பின்னர்க் குழலில் ஏற்றியவர் ஆதலின், அவர் வாசிப்பு பாடுவது போலவே இருந்தது. கருவி வாசிப்போர் விரல் வித்தையில் மயங்குவது இயல்பு. இவரோ விரல்வேகம் மிக உடையவராயினும் அவ்வேகத்தைப் பாட்டின் பணியாளாகவே வைத்திருந்தார்.

இவ்விடத்தில் அக்கருவியைப் பற்றிச் சிறிது விரிக்க வேண்டியுள்ளது. நாகசுரத்தின் உடல் ஆச்சா மரத்தால் ஆவது. பழைய வீடுகளின் தூண்களிலும் உத்திரங்களிலும் நெடுங்காலம் உலர்ந்து முதிர்ந்த மரமே சிறந்தது என்பர் ஆசாரிமார். அடிப்பகுதியில் விரிந்து நிற்பது அணசு. மேலே பொருத்தி ஊதுவது சீவாளி. அது நாணல் இனத்துக் கொறுக்கைத் தட்டையைப் பதப்படுத்திச் செய்யப்படுவது. மொத்தம் பன்னிரண்டு துளைகள். அவற்றுள் விரல்கள் ஆள்வன ஏழே. எஞ்சியவை மெழுகால் அடைத்துச் சுருதியைச் சரி செய்வதற்கு. ஏழு துளைகளில் பன்னிரு சுரங்களும் அவற்றிடையே ஊசலாடும் எண்ணற்ற கமகங்களும் பிறக்க வேண்டும். துளையைப் பாதி மூடியும், காற்றை அழுத்தியும் தளர்த்தியும், உதட்டால் சீவாளியை அடக்கியும் அவற்றைப் பெறுதல் வேண்டும். ஆர்மோனியத்தில் கட்டையை அழுத்தினால் சுரம் வரும். நாகசுரத்திலோ ஒவ்வொரு சுரத்தையும் கலைஞன் அவ்வப்போது படைத்தாக வேண்டும்.

முன்னாளில் வழங்கியது திமிரி என்னும் குட்டை நாகசுரம். சுருதி மிக உயர்ந்தது; நெடுந்தொலைவு கேட்பது; ஆனால் கூர்மையானது. இராசரத்தினம் விரும்பியது வேறு. பாடகரின் குரலுக்கு அணுக்கமான, கனிந்த, தாழ்ந்த சுருதி அவருக்கு வேண்டியிருந்தது. நீண்ட பாரி நாகசுரம் அவரால் நிலைபெற்றது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் உளியும் இக்கலைஞரின் காதும் கூடி அக்கருவியைச் செம்மைப்படுத்தின. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றபோது, அதன் பெருமைக்குப் பின்னே இவ்விருவரும் நின்றனர் என்பதை எத்தனைபேர் நினைத்தனரோ அறியோம். ஒத்து என்னும் துணைக்குழலுக்கு மாற்றாகத் தம்புராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டதும் இவரே செய்த புதுமை. வாய்ப்பாட்டுக் கச்சேரிக்கு உரிய தம்புரா நாகசுரக்காரரின் பின்னே மீட்டப்பெற்றது என்றால், இது ஒலி நயத்துக்காக மட்டும் செய்யப்பட்டது என்று நாம் கருதவில்லை. பாடகருக்கு நாம் எவ்வகையிலும் குறைந்தவரல்லர் என்னும் அறிவிப்பும் அதனுள் இருந்தது.

அவ்வறிவிப்பு எதற்காகத் தேவைப்பட்டது என்பதுதான் இவ்வரலாற்றின் உயிர்நிலை. அந்நாளைய நாகசுரக் கலைஞர் மேலாடையின்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றபடியே வாசித்தல் வேண்டும். பெருமாளுக்கும் சிவனுக்கும் முன்னே நிற்பது பக்தி என்று அமைதி கூறலாம். ஆனால் நிலக்கிழார் வீட்டுத் திருமணத்திலும் அதே நிலைதான். இரவெல்லாம் வீதியில் நடந்து, மல்லாரி தொடங்கி வரிசையாக இராகங்களை விரித்து, விடியற்காலையில் ஓய்ந்த மேளகாரருக்குத் திண்ணையே படுக்கை. பாடகர் கூடத்தில் அமர்ந்து பாட, நாகசுரக்காரர் வாயிலில் நின்று ஊதினார். மங்கலம் என்று அவர் இசையை வரவேற்றவர்கள், அவரை உள்ளே வரவேற்கவில்லை.

இராசரத்தினம் இதனை மேடைப் பேச்சால் எதிர்க்கவில்லை. தம் உடலால் எதிர்த்தார். குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்துக்கொண்டார். சட்டையும் ஷெர்வானியும் அணிந்தார். காதிலும் விரல்களிலும் வைரம் மின்ன, மார்பில் பதக்கங்கள் துலங்க, மேடை மீது அமர்ந்து வாசித்தார். அக்காலப் புகைப்படங்களைக் காண்போர் சமஸ்தான மன்னர் ஒருவரோ என ஐயுறுவர். இஃது ஆடம்பரம் என்று பழித்தோர் உண்டு. ஆடம்பரமும் அதில் இருந்தது என்பதை நாமும் மறுக்கவில்லை. எனினும், இடுப்பில் கட்டிய துண்டுக்கு அவர் அளித்த விடை அந்த ஷெர்வானி என்று கொள்வதே பொருந்தும்.

இங்கே எலிங்டனை மீண்டும் நினைக்கலாம். 1927 முதல் அவர் குழு வாசித்த நியூயார்க் காட்டன் கிளப்பில் மேடையில் இருந்தோர் கறுப்பினத்தவர். கேட்க அமர்ந்தோர் வெள்ளையர் மட்டுமே. தென் மாநிலங்களில் பயணம் செய்தபோது கறுப்பினத்தவருக்கு விடுதிகளில் இடம் மறுக்கப்பட்டதால், அவர் தம் குழுவுக்கெனத் தனி ரயில் பெட்டிகளை அமர்த்திக்கொண்டு அவற்றிலேயே உண்டு உறங்கிச் சென்றார். மேடையில் அவர் அணிந்த மாசற்ற உடையும் அரச மிடுக்கும் அனைவரும் அறிந்தவை. இருவரும் ஒருவரை ஒருவர் அறிந்தாரல்லர். 1963ஆம் ஆண்டில் எலிங்டன் தம் குழுவுடன் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தபோது இராசரத்தினம் உயிரோடு இல்லை. இசையை விரும்பிக்கொண்டே இசைப்பவனை விலக்கி வைக்கும் வழக்கம் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று.

இனி அவர்தம் தோடியைப் பற்றிச் சொல்லாமல் மேற்செல்ல இயலாது. தோடி, மேளகர்த்தா வரிசையில் எட்டாவது. அதன் சுரங்கள் நேராக நில்லாமல் அசைந்து அசைந்தே உருவம் பெறுவன. ஆதலின் பாடகருக்கே அது கடினம். நாகசுரத்தில் சொல்ல வேண்டுவதில்லை. இராசரத்தினம் அதனை மணிக்கணக்கில் விரித்தவர். இசைத்தட்டு வந்த காலத்தில், ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம் என்னும் அளவுக்குள் அப்பேரிராகத்தை அடக்க வேண்டியதாயிற்று. கடலைக் குடத்தில் மொண்டது போன்ற அத்தோடித் தட்டு தமிழகமெங்கும் பரவியது. திருமண வீட்டு ஒலிபெருக்கியிலும் வசதியுள்ளோர் இல்லத்துக் கிராமபோனிலும் அது ஒலித்தது. தோடி என்றால் இராசரத்தினம், இராசரத்தினம் என்றால் தோடி என்னும் வழக்கு இன்றும் நின்று நிலவுகின்றது. கோவில் வாசலில் நின்று கேட்கும் உரிமை இல்லாதவர்களும், வேற்றுச் சமயத்தவரும் அவ்வாலாபனையைக் கேட்டது இத்தட்டினால்தான். சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16 அன்று தொடங்கப்பெற்ற பின் அவர் வாசிப்பு வானொலி வழியாகவும் ஊர்தோறும் சென்றது.

பாடகர்கள் அவரிடம் கடன்பட்டனர். ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் மின்னல் வேகப் பிருகாக்களில் நாகசுரத்தின் சாயல் இருப்பதை இசையறிஞர் பலரும் சுட்டியுள்ளனர். அச்சாயல் பெரிதும் இராசரத்தினத்தினுடையது. வாய்ப்பாட்டிலிருந்து அவர் நாகசுரத்துக்குக் கொண்டு சென்றது, வட்டியோடு வாய்ப்பாட்டுக்கே திரும்பி வந்தது. தவிலில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற மேதைகள் அவரோடு வாசித்தனர். அவர்தம் மாணவருள் தலையாயவர் காருகுறிச்சி அருணாசலம். கொஞ்சும் சலங்கை திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டியிடும் நாகசுரம் அவருடையதே. அதன் வாயிலாகக் குருவின் பாணியை 1962ஆம் ஆண்டுத் திரையரங்குகள் கேட்டன.

குருவும் திரைப்படத்தில் தோன்றியவர்தாம். எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர் இயக்கிய கவி காளமேகம் 1940இல் வெளிவந்தது. காளமேகமாக நடித்தவர் இராசரத்தினம். சிலேடைக்கும் வசைக்கும் பெயர்பெற்ற, யாருக்கும் தலைவணங்காப் புலவரின் வேடம் அவருக்கு எத்துணைப் பொருத்தம் என்பதைத் தமிழ் பயில்வோர் உணர்வர். ஆயினும் நடிப்பு அவர் துறையன்று; அவர் நாகசுரத்துக்கே மீண்டார்.

1947 ஆகஸ்டில் திருவாவடுதுறை ஆதீனத்திலிருந்து ஒரு குழு தில்லிக்குச் சென்றது. தம்பிரானும் ஓதுவாரும் பொற்செங்கோலுடன் செல்ல, ஆதீன வித்துவானாகிய இராசரத்தினமும் உடன் சென்றார். 14ஆம் நாள் மாலையில் அக்குழு பண்டித நேருவின் இல்லத்துக்குச் சென்ற காட்சியை அமெரிக்க வார இதழான டைம் விரித்து எழுதியது. பழைய ஃபோர்டு வண்டி ஒன்று மெல்ல ஊர்ந்து செல்ல, ஏறத்தாழ நூறு கஜத்துக்கு ஒருமுறை ஊர்வலம் நிற்பதும், குழலிசைப்பவர் தெருவிலேயே அமர்ந்து சிறிது நேரம் வாசிப்பதும், பின்னர் நகர்வதுமாக அது நடந்தது என்பது அச்செய்தி. கலைஞரின் பெயரை அவ்விதழ் குறிக்கவில்லை. அச்செங்கோல் 2023இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் வைக்கப்பெற்றபோது, அந்நாளின் நிகழ்ச்சி குறித்து அறிஞரிடையே பெரும் விவாதம் எழுந்தது. அவ்விவாதம் செங்கோலைப் பற்றியது. நமக்கு அதில் நெஞ்சைத் தொடுவது வேறு. ஒரு நாடு விடுதலை பெறும் இரவில், அதன் தலைநகரத்துத் தெருவில், காவிரிக்கரை நாகசுரம் ஒலித்தது. வாசித்தவர் நிற்கவில்லை, அமர்ந்திருந்தார்.

நம் இராமநாதபுரம் சீமைக்கும் மேளகாரர் உலகத்துக்கும் உள்ள தொடர்பையும் இங்குச் சொல்லியாக வேண்டும். சேதுபதி மன்னர்கள் இசைவாணரைப் புரந்தவர்கள். பூச்சி சீனிவாச ஐயங்கார் இச்சமஸ்தானத்து வித்துவானாக விளங்கியவர். அரியக்குடி இராமானுஜ ஐயங்காரின் ஆசான். தேவகோட்டை, காரைக்குடிப் பகுதித் தனவணிகரின் திருமணங்கள் பெரிய மேளங்களுக்குத் தாய்வீடு போன்றவை. யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களுக்கும் தஞ்சை மேளகாரர்கள் அழைக்கப்பெற்றனர். 1914இல் பாம்பன் பாலம் அமைந்த பின், எழும்பூரிலிருந்து புறப்படும் போட் மெயில் இராமநாதபுரம் வழியாகத் தனுஷ்கோடி சேரும். அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை, உறையிட்ட நாகசுரங்களும் தவில்களும் இத்தண்டவாளத்தின் மீதுதான் கடல் கடந்தன. நம் ஊர் வணிகரும் அதே வண்டியில் கொழும்புக்குச் சென்றனர். ஒரே பெட்டியில் அமர்ந்து சென்றோர் எத்தனைபேரோ!

இராசரத்தினத்தின் குறைகளை மறைப்பது வரலாறாகாது. ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிக்கு நேரத்தில் வாராமையும், மனம் பொருந்தாவிடில் வாசிக்க மறுப்பதும் அவரைப் பற்றி எங்கும் சொல்லப்படுவன. ஐந்து முறை மணம் புரிந்தவர். ஈட்டிய பெரும்பொருளை ஈட்டிய வேகத்திலேயே செலவிட்டார். அவரை அமர்த்தியவர்கள் பட்ட பாட்டையும் நாம் எண்ணத்தான் வேண்டும். ஆனால் இன்னொன்றையும் எண்ண வேண்டும். பாடகர் ஒருவர் தாமதித்து வந்தால் அது மேதைமையின் போக்கு என்று பொறுத்துக்கொண்ட ஊர், மேளகாரர் தாமதித்தால் திமிர் என்றது.

இதற்கிடையே காலமும் மாறிக்கொண்டிருந்தது. ஒலிவாங்கி வந்தது. மெல்லிய குரலும் ஆயிரம்பேருக்குக் கேட்கத் தொடங்கியது. ஒலிவாங்கி இல்லாமலேயே ஊர் முழுதும் கேட்ட நாகசுரத்துக்கு இருந்த தனிச்சிறப்பு அதனால் மங்கியது. இசை வீதியை விட்டுச் சபாவுக்குள் புகுந்தது. அங்கு நாகசுரம் பெரும்பாலும் தொடக்க விழாவின் மங்கல ஒலியாகவே அமைந்தது. மாலையின் முதன்மைக் கச்சேரி பாடகருக்கே உரியதாயிற்று. முழுக் கச்சேரியை அமர்ந்து செய்யும் உரிமையை இராசரத்தினம் தமக்கு வென்றார். தம் இனத்தார் அனைவருக்கும் அது வாய்த்ததா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டியுள்ளது. எலிங்டன் காலத்துப் பெருங்குழுக்களும் இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஒவ்வொன்றாகக் கலைந்தன. தனிப்பாடகர்கள் முன்னே வந்தனர்.

1956 டிசம்பர் 12ஆம் நாள் சென்னையில் இராசரத்தினம் மாரடைப்பால் மறைந்தார். வயது ஐம்பத்தெட்டு. சக்கரவர்த்தி என்று நாடு அழைத்தவரிடம் சேர்த்து வைத்த செல்வம் ஏதும் இருக்கவில்லை. சென்னை மியூசிக் அகாதெமி அவ்வாண்டுக்குரிய சங்கீத கலாநிதிப் பட்டத்தை நாகசுரக் கலைஞர் ஒருவருக்கு வழங்கியது. பெற்றவர் திருவீழிமிழலைச் சகோதரர்களுள் ஒருவராகிய சுப்பிரமணிய பிள்ளை. தகுதி மிக்கவர் என்பதில் ஐயமில்லை. இராசரத்தினத்துக்கு அப்பட்டம் வாழ்நாளில் வந்து சேரவில்லை. சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் முத்தமிழ்ப் பேரவையின் அரங்கம் பின்னர் அவர் பெயரைத் தாங்கியது.

அவர் இசை சென்று தங்கிய இடங்களுள் ஒன்றை மட்டும் சொல்லி அமைகின்றோம். ஆந்திர நாட்டில் தலைமுறை தலைமுறையாக நாகசுரம் வாசித்த முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. கரவதி என்னும் ஊரில் 1924இல் அத்தகைய குடும்பம் ஒன்றில் பிறந்தவர் ஷேக் சின்ன மௌலானா. இராசரத்தினத்தின் வாசிப்பில் உள்ளம் பறிகொடுத்த அவர், தஞ்சைப் பாணியையே கற்பது என்று துணிந்து தமிழகம் வந்தார். நாச்சியார்கோயில் இராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் பயின்றார். திருவரங்கத்தில் குடியேறி, அரங்கநாதர் சந்நிதியில் வாசித்து, அங்கேயே இசைப்பள்ளியும் நிறுவினார். அவர்தம் பேரர்கள் காசிம், பாபு ஆகியோரும், மாணவர்களான ஷேக் மஹபூப் சுபானி, காலீஷாபி மஹபூப் இணையரும் அப்பாணியைத் தொடர்ந்தனர். அவ்விணையருக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இராசரத்தினத்துக்கு எட்டாத சங்கீத கலாநிதிப் பட்டம் சின்ன மௌலானாவுக்கு 1998இல் வழங்கப்பெற்றது. அஃது இராசரத்தினம் பிறந்து நூறாண்டு நிறைந்த ஆண்டு.